ஒன்றரை மீட்டர் புதினா நூல்

மனிதர் செய்யும் எந்தத் தவறுக்கும் மன்னிப்புக் கேட்க நான்கு விநாடி போதும். தவறு சிறியதா பெரியதா என்பது பொருட்டே அல்ல. இதை நான் கைக்கடிகாரத்தை வைத்து அளந்து பார்த்தே சொல்கிறேன். “தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்க” என்று நிறுத்தி நிதானமாகச் சொல்ல மூன்று விநாடி. எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க ஒரு விநாடி. இந்த எளிய உண்மை மனிதகுலத்துக்கு எட்டாததால்தான் உலகில் இத்தனை வழக்குகளும், பூங்கொத்துக் கடைகளும், பத்துப் பக்கக் கடிதங்களும் இருக்கின்றன.

எங்கள் அம்மாவுக்குப் பதினான்கு மாதங்கள் ஆகியும் முடிந்தபாடில்லை. அவள் மன்னிப்பை வாயால் கேட்பதில்லை. பின்னுகிறாள்.

இந்தக் குடும்பத்தை முதலிலிருந்தே கவனித்து வருகிறவர்களுக்கு அவள் பின்னும் சால்வையின் பூர்வீகம் தெரியும். இன்றுதான் படியேறி வந்தவர்கள் மூச்சு வாங்கிக்கொள்ளும் நேரத்தில் சொல்லிவிடுகிறேன். மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. அப்பா லிஃப்ட் மெக்கானிக். வீட்டுக்கு வந்தும் வேலை பார்க்கக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டடத்தைத் தேடிப் பிடித்தார்.

அம்மாவுக்கு ஒரே தங்கை. என் சித்தி. நாற்பத்தொரு வயதில், மனைவியை இழந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சித்தி சொன்னாள். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கல்யாணத்துக்கு நான்கு மாதம் முன்பு ஒரு பார்சல் வந்தது. உள்ளே இரண்டு நூல் உருண்டைகள், ஒரு சீட்டு. “அக்கா, சால்வை நீதான் பின்னித் தரணும். அன்னிக்கு அதைத்தான் போட்டுக்குவேன்.”

அம்மா பார்சலை அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் வைத்தாள். இந்த வயதில் தங்கைக்குக் கல்யாணமா என்று இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளோடு வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள் என்று பயம். கல்யாணத்தன்று, “கடுமையான ஜலதோஷம், வர முடியவில்லை” என்று ஒரு செய்தி போயிற்று. அந்த வாரம் எங்கள் வீட்டில் ஒருவரும் தும்மக்கூட இல்லை. பதிவாளர் அலுவலகத்தில் பதினோரு பேர் முன்னிலையில் கல்யாணம் நடந்தது. பெண் வீட்டார் சார்பில் கையெழுத்துப் போட்டவர் சித்தியின் ஆபீஸ் வாட்ச்மேன். பரிசோதனைக் கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. போட்டோ எங்கே என்று கேட்டார்களாம்.

அது நடந்து இரண்டு வருடம். பதினான்கு மாதம் முன்பு ஒரு நாள் அம்மா போர்வைக்கு அடியிலிருந்து நூலை எடுத்தாள். போன வாரம் சித்தி போன் செய்தாள். அவருக்கு வேறு ஊரில், ரொம்பத் தொலைவில், வேலை கிடைத்திருக்கிறது, சாமான்களோடு கிளம்புகிறார்கள், சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வழியில் ஒரு மணி நேரம் வந்து பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்டாள். கூடப் பிறந்தவள் வீட்டுக்கு வர அனுமதி கேட்டாள் என்பதில் அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இதோ அந்தச் சனிக்கிழமை.

*

நூலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அது தானாகக் கோடு போடும் நூல். நிறங்களை நூலிலேயே வரிசையாக ஏற்றியிருப்பார்கள். பின்னிக்கொண்டே போனால் போதும். கருநீலம் முடிந்து சாம்பல், சாம்பல் முடிந்து கடுகு மஞ்சள், அப்புறம் செங்கல் சிவப்பு என்று பட்டை பட்டையாக வந்து விழும். தானாக நிறம் மாறக்கூடியவை உலகில் மூன்றுதான்: பச்சோந்தி, எங்கள் கல்லூரி முதல்வர், இந்த நூல்.

அதில் அம்மா பின்னுவது லேஸ். அதாவது, ஒரு வரிசையில் வேண்டுமென்றே ஓட்டை ஓட்டையாக விடுவது, அடுத்த வரிசையில் நல்ல பிள்ளை மாதிரி நேராகப் பின்னுவது, மறுபடி ஓட்டை. ஊசியில் வரிசைக்கு எண்பத்து மூன்று கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள். மொத்தம் இருநூற்று எண்பது வரிசை. அம்மா நுண்ணோக்கியில் இரத்த அணுக்களை எண்ணும்போது அமுக்குகிற கையடக்க எண்ணியை இதற்கும் அமுக்குவாள். இதைப் பற்றி நான் எங்கள் கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் ‘ஓட்டைகளின் பொருளாதாரம்’ என்ற ஆய்வுக் கட்டுரை எழுதினேன். வாயைத் திறந்தால் தீர்ந்துபோகும் விஷயத்துக்கு இருபத்து மூவாயிரத்துச் சொச்சம் கண்ணிகள் எதற்கு என்பதே அதன் மையக் கேள்வி. நல்ல வரவேற்பு.

அப்பாவுக்கு லேஸ் புரியாது. ஆனால் ஒரு பொருள் எந்தப் பிடிமானமும் இல்லாமல் தொங்குவதை அவரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

“கயிறே அறுந்தாலும் லிஃப்ட் விழாது, தெரியுமா? பிரேக் கவ்விக்கும்,” என்றார் ஒரு நாள். “உன் சால்வைக்குப் பிரேக் எங்க இருக்கு?”

இருக்கிறது என்றாள் அம்மா. பழகியவர்கள் அப்படித்தான் செய்வார்களாம். சில வரிசைகளுக்கு ஒரு முறை, ஊசியில் இருக்கிற அத்தனை கண்ணிக்குள்ளும் வழவழப்பான வேறு ஒரு நூலைக் கோத்து விட்டுவிட வேண்டும். அடுத்த முறை அதையே உருவி மேலே கோத்துக்கொள்ளலாம், ஒரே நூல் போதும். மேலே எங்காவது தப்பு நேர்ந்தால் ஊசியை உருவிவிட்டுத் தைரியமாகப் பிரிக்கலாம். அந்தக் காப்பு நூலுக்கு வந்ததும் நின்றுவிடும். அதற்கு எது வாகான நூல் என்று தேடியதில் அப்பாவின் பல் நூல் கிடைத்தது. அப்பாவுக்கு ஈறு சரியில்லை. தினமும் இரண்டு வேளை பல்லிடுக்கில் நூல் விட்டு எடுக்க வேண்டும் என்பது பல் டாக்டரின் உத்தரவு. வெள்ளை நூல், புதினா வாசனை.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு நான் சோபாவில் படுத்துச் சோளப்பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சோளத்தோல் ஒன்று கடைவாய்ப் பல்லில் போய் உட்கார்ந்துகொண்டது. நாக்கால் முடியவில்லை. பக்கத்தில், அம்மாவின் கூடையில் மடித்து வைத்த சால்வையின் ஓரத்திலிருந்து, நாலு விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளை நூல் தொங்கிக்கொண்டிருந்தது. பிசிறு என்று நினைத்தேன். இழுத்தேன். வந்தது. வந்துகொண்டே இருந்தது. அவ்வளவு சுகமாக வந்தது. ஒன்றரை மீட்டர். புதினா வாசனை வேறு அடித்தது. வேலையை முடித்து, சமையலறைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, சோளப்பொரியைத் தொடர்ந்தேன்.

*

சனிக்கிழமை காலை ஏழு மணி. இன்னும் பன்னிரண்டு வரிசைதான் பாக்கி. அம்மா ஒன்பது மணி வேலைக்குப் போவதற்குள் நாலு வரிசை போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தாள்.

“எண்பத்திரண்டுதான் இருக்கு,” என்றாள்.

மறுபடி எண்ணினாள். எண்பத்திரண்டு. விரலால் தடவிக்கொண்டே கீழே போய்க் கண்டுபிடித்தாள். பத்து வரிசைக்குக் கீழே ஓர் ஓட்டையைப் போட மறந்திருந்தாள்.

“ஒரு ஓட்டை குறைஞ்சா என்னம்மா? இன்னும் ஆயிரம் ஓட்டை இருக்கே,” என்றேன் நான், பல் தேய்த்துக்கொண்டே.

“அவ பார்ப்பாடா. சின்ன வயசுலேர்ந்தே நான் எங்க கொறைச்சேன்னு மட்டும் அவ கண்ணுக்குத் தப்பாது.”

ஊசியை உருவினாள். எண்பத்திரண்டு கண்ணிகளும் வாயைத் திறந்துகொண்டு நின்றன. அம்மா பதறவே இல்லை. கடுகு மஞ்சள் தொடங்கும் இடத்தில் பிரேக் இருக்கிறதே. நூலைப் பிடித்து இழுத்தாள். சரசரவென்று செங்கல் சிவப்பு போயிற்று. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இழுத்தாள். மஞ்சளும் போயிற்று. கையில் சாம்பல் நிறம் வந்தது.

அம்மா நிறுத்தினாள். சாம்பல் வரக்கூடாது. சாம்பல் பிரேக்குக்குக் கீழே.

அந்த நூலில் கொஞ்சம் பட்டு கலந்திருக்கிறது. வழுக்கும். அவள் கையை நிறுத்தியும் கண்ணிகள் நிற்கவில்லை. ஓட்டை இருந்த இடங்களிலிருந்தெல்லாம் ஏணிப்படி மாதிரி கீழே இறங்கிக்கொண்டிருந்தன. அம்மா சத்தமே போடாமல் சால்வையைச் சாப்பாட்டு மேசைமேல் பரப்பினாள். இருபத்தைந்து வரிசை காணோம்.

என் வாயில் பற்பசையின் புதினா இருந்தது. அப்போதுதான் கடைவாய்ப் பல் ஞாபகத்துக்கு வந்தது.

“ஏங்க,” என்றாள் அம்மா. குளியலறை வாசலில் அப்பா காலியான பல் நூல் டப்பாவை உதறிப் பார்த்துக்கொண்டிருந்தார். “இதுல கோத்திருந்த நூலை எடுத்தீங்களா?”

அப்பா டப்பாவைப் பார்த்தார். சால்வையைப் பார்த்தார்.

“டப்பா காலியாயிடுச்சுன்னு இதுலேர்ந்து உருவிட்டீங்களா? உங்க பல்லுக்கு என் சால்வைதான் கிடைச்சுதா?”

முப்பது வருடத்தில் ஒரு லிஃப்ட்டின் பிரேக்கையும் காரணமில்லாமல் கழற்றாதவர் எங்கள் அப்பா. அந்த மனிதரிடம் போய் இந்தக் கேள்வி. அவர் என்னைப் பார்த்தார். என் வாயில் நுரை இருந்தது. பேச முடியாது என்பதற்கு அதைவிட நல்ல காரணம் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

“ம்,” என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் ‘ம்’ என்பது கையெழுத்துப் போட்ட வாக்குமூலம்.

அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பையை எடுத்தாள், செருப்பை மாட்டினாள். “யாரும் மேசைகிட்ட போகக் கூடாது. ஃபேன் போடக் கூடாது. ஜன்னலைத் திறக்கக் கூடாது,” என்றாள். வாசலில் நின்று, யாரிடமும் இல்லாமல், “வெறுங்கையோட எப்படி அவ மூஞ்சியில முழிப்பேன்,” என்றாள். படியிறங்கும் சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது.

*

ஃபேன் ஓடாத அறையில் இரண்டு ஆண்பிள்ளைகள் வியர்த்துக்கொண்டு மேசைக்கு இரண்டு பக்கமும் நின்றோம். ஆபரேஷன் முடிந்து கண் திறக்காத நோயாளியைப் போலச் சால்வை கிடந்தது.

அப்பா குப்பைக் கூடையைக் கொட்டப் போனார். திரும்பி வந்தவர் கையில் ஒரு நூல். அதை என் எதிரே தூக்கிப் பிடித்தார்.

“ஒன்றரை மீட்டர் இருக்கும்,” என்றார்.

என் நாக்கு கடைவாய்ப் பல்லைத் தடவிப் பார்த்தது.

“ஒரு பல்லுக்கு ஒரு சாண் போதும், எழுத்தாளரே. யானைக்கே ஒரு முழம்தான் ஆகும்.”

“பிசிறுன்னு நினைச்சேம்ப்பா.”

“பிசிறை எடுத்துப் பல்லு குத்துற ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்.”

“நீங்க ஏன் ‘ம்’னு சொன்னீங்க?”

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். மேசைமேல் கை வைக்கப் போய், சால்வையைப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

“ஜலதோஷம்னு மெசேஜ் அனுப்பினது யாருன்னு நினைக்கிறே? நான். உங்கம்மா பாத்திரம் தேய்ச்சிட்டிருந்தா. கை ஈரம், நீங்க அடிங்கன்னா. அடிச்சேன். சொந்தத் தங்கச்சி கல்யாணத்துக்குப் போகாம இருக்கலாமான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல. அவ எழுத்துப்பிழை இருக்கான்னு பாருங்கன்னா, அதைத்தான் பார்த்தேன்.” வியர்வையைத் துடைத்துக்கொண்டார். “அதுக்கு இது சின்னப் பழி. இருந்துட்டுப் போகட்டும். ஆனா உன்னோடது உன்னோடதுதான். அவ வந்ததும் நீயே சொல்லிடு. நாலு விநாடின்னு நீதானே ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறே.”

நான் அதற்குப் பதிலாகப் போனை எடுத்தேன்.

அதில் தேடிப் பிடித்த வீடியோவில் ஓர் அம்மாள் இருந்தார். நகத்துக்கு வெள்ளைப் பூச்சு. என்ன மொழி பேசினார் என்று தெரியவில்லை. ஆனால் அவிழ்ந்துபோன கண்ணிகளை எப்படி மீட்பது என்பதை, பால் பாட்டிலைக் கழுவுவது மாதிரி, அலட்டிக்கொள்ளாமல் செய்து காட்டினார். அம்மாவின் கூடையில் கொக்கி ஊசி இருந்தது. ஒரு கண்ணி கீழே இறங்கியிருந்தால், கொக்கியை அதற்குள் விட்டு, மேலே இருக்கும் ஏணிப்படியை ஒவ்வொன்றாக இழுத்து ஏற்றிக்கொண்டே வர வேண்டும்.

“தொடக் கூடாதுன்னா அவ,” என்றார் அப்பா.

“மேசைகிட்ட போகக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. நாம ஏற்கெனவே மேசைகிட்டதான் இருக்கோம்.”

“வாதாடறதுக்கு மட்டும் வாய் வருது.”

என்றாலும் அவரே போய் வேலைக்குப் போட்டுக்கொள்ளும் நெற்றி விளக்கை எடுத்து வந்தார். அம்மாவின் கட்டம் போட்ட தாளை எடுத்து, மின்சுற்றுப் படத்தைப் பார்ப்பது போல ஐந்து நிமிடம் பார்த்தார். வட்டம் போட்டிருந்தால் ஓட்டை, சாய்கோடு போட்டிருந்தால் இரண்டு கண்ணி சேர்ந்து ஒன்று என்று பிடித்துவிட்டார். அவர் விரல்கள் தடித்தவை; கொக்கி பிடிக்க ஆகாது. அவர் சொல்ல, நான் ஏற்றினேன்.

“பதினேழாவது கண்ணி மூணு மாடி இறங்கியிருக்கு. மெல்ல. இழுக்காதே, தூக்கு.”

தூக்கினேன்.

“இருபத்தொம்போது அடித்தளத்துக்கே போயிடுச்சு.”

அதையும் தூக்கினேன். கழுத்து வலித்தது. மூக்கு நுனியில் வியர்வை திரண்டு, விழுந்தால் நேரே சால்வைமேல்தான் என்ற நிலையில் அப்பா துண்டால் என் மூக்கை ஒற்றினார். நான் கைக்குழந்தையாக இருந்ததற்குப் பிறகு அவர் என் மூக்கைத் துடைத்தது அன்றுதான்.

பத்தரை மணிக்குக் கண்ணிகளை ஊசியில் ஏற்றத் தொடங்கினோம். முதல் முறை எண்ணியதில் எழுபத்தொன்பது வந்தது. இன்னொரு முறை எண்ணினால் எண்பத்தைந்து. பன்னிரண்டரை மணிக்கு, மூன்று முறை எண்ணியும் மாறாமல், எண்பத்து மூன்று. எந்தக் கண்ணி எதற்குள் போகிறது என்பது விளங்குவதற்காக, முற்றிலும் ஆராய்ச்சி நோக்கில், இரண்டு பென்சில்களையும் சணல் கயிற்றையும் வைத்து நானும் பத்து வரிசை பின்னிப் பார்த்தேன். அப்பா அதை எடுத்துப் பார்த்தார்.

“பாத்திரம் தேய்க்க ஆகும்,” என்றார்.

*

அம்மா இரண்டு மணிக்கு வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை. மேசை அருகே போனாள். ஊசியில் வரிசையாக உட்கார்ந்திருந்த கண்ணிகளை விரல் நுனியால் தொட்டுக்கொண்டே முனைக்குப் போனாள். உதடு அசைந்தது. எண்பத்து மூன்று.

“யார் பண்ணது?”

“பையன்,” என்றார் அப்பா.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் முதல் வகுப்பில் தேறியபோதுகூட அப்படிப் பார்த்ததில்லை. கிட்டே வந்து, என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

“இதைக் கிண்டல் பண்ணி என்னவோ எழுதி ஒட்டினியாமே காலேஜ்ல. நானும் மனசுக்குள்ள உன்னைத் திட்டிக்கிட்டே இருந்தேன். என் கஷ்டம் புரியற ஆளு இந்த வீட்டுல ஒருத்தனாவது இருக்கியேடா.”

இதை என்னிடம் சொல்லிவிட்டு, அப்பா இருந்த பக்கம் திரும்பாமல் சமையலறைக்குப் போனாள்.

அப்பா புருவத்தை உயர்த்தினார். இப்போது சொல்லு என்று அர்த்தம். நான் பின்னாலேயே போனேன். அம்மா நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா.”

“என்னடா?”

மூன்று விநாடி போயிற்று. எனக்குத் தெரியும், நான்தான் அளந்தவன்.

“தண்ணி வேணுமா?”

“கையிலதானே வெச்சிருக்கேன்.”

இரண்டே கால் மணிக்கு உட்கார்ந்தாள். முப்பத்தேழு வரிசை. வரிசைக்கு ஆறு நிமிடம். ஆறு மணிக்குச் சரியாக வந்துவிடும், கழுத்தை நிமிர்த்தாமல் இருந்தால். எண்ணியின் ‘டிக்’, ஊசியின் ‘டக்’, இரண்டையும் தவிர வீட்டில் சத்தமில்லை. சாம்பல் போய் மஞ்சள் திரும்ப வந்தது. அப்பா அவளுக்கு வெளிச்சம் மறைக்காத இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஒரு முறை தலையணையை அவள் முதுகுக்குப் பின்னால் வைக்கப் போனார். அம்மா முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டாள். தலையணையோடு திரும்பி வந்து, அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறர் வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போல.

என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. நான்கு மணிக்கு டீ போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

“அம்மா, ஒரு விஷயம்…”

“முப்பத்தேழு, முப்பத்தெட்டு, இரு, முப்பத்தொம்போது, நாப்பது… சொல்லு.”

“சர்க்கரை போதுமான்னு கேக்க வந்தேன்.”

“நீ போட்டா சரியாத்தான் இருக்கும்,” என்றாள் அம்மா. உலகத்திலேயே கொடுமையான வாக்கியம் அதுதான் என்று அன்று எனக்குத் தெரிந்தது.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கதவு தட்டப்பட்டது. சாலையில் நெரிசலே இல்லையாம். சித்தி ஒரு மணி நேரத்துக்கும் மேலாக முன்னதாகவே வந்துவிட்டாள்.

*

பதினோரு வரிசை பாக்கி. அம்மா ஊசியும் நூலுமாகச் சால்வையைச் சோபாவின் தலையணைக்குப் பின்னால் செருகிவிட்டு எழுந்தாள்.

சித்தி கொஞ்சம் இளைத்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. “வாம்மா” என்று அப்பா சொல்ல வேண்டிய இடத்தில் “நல்லா இருக்கீங்களா மாமா” என்று அவளே தொடங்கினாள். என் தலையைக் கலைத்தாள். அக்காவைப் பார்த்துச் சிரிக்க மட்டும் செய்தாள்.

“உட்காரு,” என்றாள் அம்மா.

உட்கார்ந்தாள்.

“டீ?”

“வேணாங்க்கா. உடனே கிளம்பணும்.”

“ஒரு மணி நேரம்னியே.”

“அவர் கீழ கார்ல இருக்கார். ரொம்ப நேரம் காக்க வைக்க வேணாம்னு.”

“மேல வரலையா?”

சித்தி கைப்பையின் வாரைத் திருகினாள். “கூப்பிடாத வீட்டுக்கு வர மாட்டேன்னுட்டார். கோவமெல்லாம் இல்லக்கா. அவர் சுபாவம் அப்படி. நீ போயிட்டு நிதானமா வா, நான் பாட்டு கேட்டுக்கிட்டு இருக்கேன்னார்.”

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கூரைமேல் பெட்டிகள் கட்டிய கார். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு மனிதர் காலை வெளியே நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மனைவியின் அக்கா வீட்டு வாசலில், வீட்டிலிருந்து கொண்டுவந்த சாப்பாடு.

அம்மாவும் என் பின்னால் வந்து பார்த்திருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை. திரும்பியபோது அவள் முகம் என் தோளருகில் இருந்தது.

“நீங்க போய்க் கூப்பிடுங்க,” என்றாள் அப்பாவிடம். காலையிலிருந்து அவரிடம் பேசிய முதல் பேச்சு.

அப்பா எழுந்திருக்கவில்லை. தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“மெசேஜ் நான் அடிச்சேன்,” என்றார் மெதுவாக. “கூப்பிடறதும் நானா இருந்தா சரியா வராது.”

அம்மா தலையணைக்குப் பின்னாலிருந்து சால்வையை வெளியே எடுத்தாள். முடியாத பக்கத்தில் ஊசி தொங்கியது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு போகப்போகிறாள் என்று நினைத்தேன். இரண்டு அடி வைத்தாள். நின்றாள். அரைகுறையாக ஒன்றை நீட்டுவதா என்று யோசித்திருப்பாள். திரும்பி வந்து, என்னைச் சோபாவில் உட்கார வைத்து, என் மடியில் வைத்தாள்.

“பின்பக்க வரிசைதான் இது. ஓட்டை கிடையாது. கண்ணி கழண்டுடாம பிடிச்சுக்கோ,” என்றாள்.

வெறுங்கையோடு போனாள். ஒரு காலில் அவள் செருப்பு, இன்னொரு காலில் என் செருப்பு.

சித்தி எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சால்வையின் ஓரத்தைத் தூக்கினாள். கருநீலம், சாம்பல், மஞ்சள், சிவப்பு, மறுபடி கருநீலம். விரலை ஓட்டைகளுக்குள் விட்டுப் பார்த்தாள். தான் அனுப்பிய நூல்தான் இது என்பது அவளுக்கு எந்த நிறத்தில் உறைத்தது என்று தெரியவில்லை. சாம்பலுக்கு வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கா பின்றா?”

“ஆமா சித்தி.”

“எப்பலேர்ந்து?”

“ஒரு வருஷத்துக்கு மேல.”

“இங்க கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருக்கே.” அம்மா சொன்னது சரியாகப் போயிற்று; சித்தியின் விரல் நான் கொக்கியால் தூக்கிய இடத்தில் நின்றது. “பிரிஞ்சுடுச்சா? இல்லேன்னா முடிச்சிருப்பாளே.”

அப்பா தொண்டையைக் கனைத்தார். “அது வந்து, நான்தான் என் பல்லுக்கு…” என்று தொடங்கி என்னைப் பார்த்தார். மேலே சொல்லவில்லை. எனக்காக ஒரு வாக்கியத்தின் பாதியைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

நான் தலையைக் குனிந்தேன். ஊசியை எடுத்தேன். நூலை வலது விரலில் சுற்றிக்கொண்டு, முதல் கண்ணிக்குள் முனையை விட்டு, நூலைச் சுற்றி, இழுத்து, இறக்கினேன். பென்சிலில் செய்ததைவிட வழுக்கியது. இரண்டாவது. மூன்றாவது.

“டேய், நீ பின்னுவியா?” என்றாள் சித்தி.

“ம்.”

“எப்பக் கத்துக்கிட்ட?”

“இன்னிக்குக் காலையில.”

“இன்னிக்கா? எதுக்கு?”

மூன்று மாடிக்குக் கீழே கார்க் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. அப்புறம் படியில் இரண்டு ஜோடிக் காலடிகள், நடுவில் அம்மாவின் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு: “பார்த்து வாங்க மாப்பிள்ளை, இந்தப் படி மட்டும் கொஞ்சம் உயரம்.”

சித்தி வாசலைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவும்தான்.

“சொல்லேண்டா, எதுக்கு?”

நான் பன்னிரண்டாவது கண்ணியை எடுத்துப் பின்னினேன். எழுபத்தொன்று பாக்கி இருந்தது.